வேள் நன்னன்: மூங்கில் குழாயும் மண் மிடாவும்

திருவண்ணாமலை என்றதும் உலகத்துக்கு ஞாபகம் வருவது அண்ணாமலையார் கோயிலும் கார்த்திகைத் தீபமும் கிரிவலமும்தான். ஆனால் நம்ம ஊரிலிருந்து பெங்களூர் ரோட்டில் மேற்கே 35 கிலோமீட்டர் போனால் செங்கம் வருகிறது. பஸ் அங்கே நிற்கும், டீ குடிப்போம், ஏறி உட்காருவோம், அவ்வளவுதான். அந்தச் செங்கம் ஒரு காலத்தில் ஒரு நாட்டின் தலைநகர் என்பதும், அந்த நாட்டுத் தலைவனுக்காக 583 அடியில் ஒரு பெரிய பாட்டு எழுதப்பட்டது என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தத் தலைவன் பெயர் நன்னன். அவன் தந்தை பெயரும் நன்னன். ஆகவே புலவர்கள் அவனை நன்னன் சேய் நன்னன் என்றார்கள். சேய் என்றால் மகன்.

டிப்ளமோ படிக்கிற நமக்கு ராஜா கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. வீட்டிலேயே பீர் காய்ச்ச அனுமதியுள்ள வெளிநாடுகளில், காய்ச்சியதைச் சின்னச் சின்ன பாட்டில்களில் அடைப்பதா, அல்லது கெக் என்கிற ஒரே பெரிய உருளையில் வைப்பதா என்பது இன்றும் தீராத வாக்குவாதம். அதே கேள்விக்கு நன்னன் நாட்டு மக்கள் அன்றைக்கே விடை வைத்திருந்தார்கள். மலையில் ஒரு விடை, வயலில் ஒரு விடை. அந்த இரண்டு விடைகளுக்கும் நடுவில்தான் நன்னனுடைய வாழ்க்கையும் நமக்குத் தெரிய வருகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது குடியைப் பாராட்டும் கட்டுரை அல்ல. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் வீட்டில் மது காய்ச்சுவது குற்றம். குடியால் அழிந்த குடும்பங்களை நம் தெருவிலேயே பார்க்கிறோம். இங்கே நாம் பார்க்கப்போவது ஒரு மனிதனின் வரலாற்றையும், அவன் மக்கள் பாத்திரம் தேர்ந்தெடுத்த அறிவையும்தான்.

எந்த நன்னன்?

சங்க இலக்கியத்தில் நன்னன் என்ற பெயரில் ஒருவருக்கு மேல் உண்டு. அதனால் நம்ம ஊர் நன்னனுக்கு ஒரு தீராத பழி வந்து சேர்ந்துவிட்டது. அதைத் துடைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

ஒரு நன்னன் தன் காவல் மரமான மாமரத்திலிருந்து ஆற்றில் விழுந்து மிதந்து வந்த பசுங்காயைத் தின்றாள் என்பதற்காக ஒரு பெண்ணைக் கொன்றான். அவளுடைய எடைக்கு எடை பொன்பாவையும் 81 யானைகளும் தருகிறோம் என்று சொல்லியும் அவன் மனம் இரங்கவில்லை. பெண்கொலை புரிந்தவன் என்ற பெயர் அவனுக்கு நிலைத்தது. குறுந்தொகையில் பரணர் இதைச் சொல்கிறார். அவன் மேற்குக் கடற்கரையில் ஏழில் மலைப் பக்கத்துக் கொண்கான நாட்டுத் தலைவன் என்று அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். அந்த ஏழில் மலை இன்றைய கேரளத்தில் கண்ணூருக்கு வடக்கே இருக்கிறது. சேரன் களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல் அந்த நாட்டு நன்னனைப் போரில் வென்றான்.

நம்ம நன்னன் அவன் இல்லை. இவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மா என்ற ஊரின் வேள். செங்கண்மாதான் பேச்சில் தேய்ந்து செங்கம் ஆனது. பல்குன்றக் கோட்டம் என்றால் பல குன்றுகள் உள்ள நாடு என்று பொருள். செங்கத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. வடக்கே ஜவ்வாது மலை. அங்கிருந்து இறங்கி வருகிறது செய்யாறு. பாட்டில் அதன் பெயர் சேயாறு. நன்னனுடைய மலைக்கு நவிரம் என்று பெயர். நஞ்சுண்ட கடவுள் அந்த மலையில் உறைகிறார் என்கிறது பாட்டு. இன்றைக்கு நாம் கடலாடி, தென்மாதிமங்கலம் வழியாக ஏறுகிற பர்வதமலைதான் அந்த நவிரம்.

அக்கம்பக்கத்தில் யார் யார் என்று பாருங்கள். மேற்கே தகடூரில், அதாவது இன்றைய தர்மபுரியில், அதியமான்கள். தென்கிழக்கே பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூரில் மலையமான்கள். வடகிழக்கே காஞ்சியில் தொண்டைமான் இளந்திரையன். இவர்களுக்கு நடுவில் ஒரு சின்ன மலைநாடு. மூவேந்தர்களோடு ஒப்பிட்டால் நன்னன் ஒரு தாலுகாவுக்கு அதிபதி, அவ்வளவே. ஆனாலும் பத்துப்பாட்டு என்கிற பெருந்தொகுப்பின் பத்தாவது பாட்டு முழுக்க முழுக்க அவனுக்குக் கிடைத்தது.

அவனைத் தேடிப் போன வழி

பாட்டைப் பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டின் பெயர் மலைபடுகடாம். மலையை ஒரு யானையாகவும், மலையில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் நினைத்து வைத்த பெயர் அது. கூத்தராற்றுப்படை என்றும் சொல்வார்கள். பரிசு பெற்றுத் திரும்பி வரும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்தைப் பார்த்து, நன்னனிடம் போங்கள் என்று வழி சொல்கிற அமைப்பு.

இதில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு தலைவனின் வாழ்க்கையைச் சொல்லும் பாட்டில் அவன் வெகுநேரம் கண்ணிலேயே படுவதில்லை. பாட்டின் பெரும்பகுதி வழிதான். எந்த இடத்தில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எங்கே பாம்புப் புற்று, எந்தப் பாறையில் பாசி வழுக்கும், தினைப்புனம் காப்பவன் கவணில் எறியும் கல் எந்தப் பக்கம் வரும், பிள்ளைகளை எங்கே கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும் என்று ஒரு ரோட் மேப் மாதிரி வரிசையாகச் சொல்கிறார் புலவர். தன் கணவனைப் புலி பாய்ந்து கீறிய புண் ஆற வேண்டும் என்று பாடிக்கொண்டிருக்கும் மலைப்பெண்ணின் குரலும் அந்த வழியில் கேட்கிறது. போரில் விழுந்த வீரர்களுக்கு நட்ட கற்களும் வழியில் நிற்கின்றன.

இது எல்லாம் எப்படி நன்னனுடைய சரித்திரம் ஆகும்? ஆகும். ஒரு நாட்டுக்குள் நுழைகிற அந்நியன், அதுவும் கையில் காசில்லாத கூத்தாடி, எல்லை தொடங்கி அரண்மனை வாசல் வரை பட்டினி கிடக்காமல் போய்ச் சேர முடிகிறது. நாங்கள் நன்னனிடம் போகும் கூத்தர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எந்தக் குடிசைக்குள்ளும் உரிமையோடு நுழையலாம், சொந்தக்காரர் மாதிரி கவனிப்பார்கள் என்கிறது பாட்டு. தலைவனின் குணம் அவன் குடிமக்களின் அடுப்படியில் தெரிகிறது. புலவர் அதை அங்கேதான் போய்ப் பார்த்திருக்கிறார்.

மலையில் குழாய்

முதலில் மலைக்குடிகள். நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் அவர்கள் தருகிறார்கள். கூடவே தேனில் செய்த தேறலையும் தருகிறார்கள். தேறல் என்றால் கசடு இறுத்து எடுத்த தெளிவு. அது இருக்கும் பாத்திரம் எது தெரியுமா? மூங்கில் குழாய். குழாயில் ஊற்றி வைத்து, அதற்குள்ளேயே விளைய விடுகிறார்கள். விளைதல் என்ற சொல்லே பாட்டில் வருகிறது. ஆக மூங்கில் வெறும் டம்ளர் இல்லை. ஊற்றி வைத்துப் பதப்படுத்தும் கலமும் அதுவேதான். இன்றைய பாஷையில் சொன்னால் பாட்டிலில் அடைத்து முதிர வைப்பது.

ஏன் மூங்கில்? கையருகே விளைகிறது என்பது முதல் காரணம். ஆனால் அது மட்டும் இல்லை.

நம்ம கணக்கையே போட்டுப் பார்ப்போம். உள்விட்டம் 8 செ.மீ., ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடைவெளி 30 செ.மீ. என்று ஒரு மூங்கிலை வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு ஏறக்குறைய 1.5 லிட்டர் வரும். அடிக்கணு இயற்கையே போட்டுக் கொடுத்த மூடி. மேலே ஒரு துளை, அதற்கு ஒரு அடைப்பு, வேலை முடிந்தது. தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறலாம். கீழே விழுந்தால் பானை மாதிரி சுக்குநூறாகாது. ஒரு குழாயைத் திறந்தால் அந்த ஒன்றரை லிட்டருக்குத்தான் காற்றுப் படும். மற்ற குழாய்கள் மூடியபடியே இருக்கும்.

அடுத்தது வாயு. சர்க்கரை புளித்து மதுவாகும்போது ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் 180 கிராம் குளுக்கோஸை 92 கிராம் ஆல்கஹாலாகவும் 88 கிராம் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. கணக்குப்படி முழுவதும் மாறினால் அந்த 88 கிராம் வாயு சாதாரண வெப்பத்தில் 48 லிட்டர் இடத்தைக் கேட்கும். அதை இறுக்கி அடைத்தால் பாத்திரத்தின் சுவரில் அழுத்தம் ஏறும். மெல்லிய சுவருள்ள உருளையின் சுற்றுத் தகைவு அழுத்தம் பெருக்கல் விட்டம், வகுத்தல் இரண்டு மடங்கு தடிமன் என்று ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் மனப்பாடம் செய்தோமே, அந்தச் சூத்திரம் இங்கே பேசுகிறது. விட்டம் சின்னதாக இருந்தால் சுவருக்கு வேலை குறைவு. மூங்கிலுக்கு ஒரு பலவீனமும் உண்டு. அதன் நார்கள் நெடுக்காக ஓடுவதால் உள்ளேயிருந்து அழுத்தினால் நீளவாக்கில் பிளந்துவிடும். ஆகவே அடைப்பு கொஞ்சம் மூச்சு விடுகிற மாதிரி இருப்பதே நல்லது. இந்த விவரமெல்லாம் புத்தகம் படித்து வந்ததில்லை. நாலு குழாய் வெடித்த பிறகு கை தானாகக் கற்றுக்கொள்கிற பாடம் இது.

குழாய்த் தேறலைக் குறைவில்லாமல் குடித்து, மேலும் நறவும் குடித்து, மறுநாள் விடியலில் தலை கனத்துக் கிடக்கும் கூத்தருக்கு என்ன மருந்து என்பதையும் புலவர் விடவில்லை. பலாக்கொட்டை, மான் கறி, முள்ளம்பன்றிக் கறி, புளி, மோர், இவற்றோடு மூங்கில் அரிசிச் சோறு. குறவர் வீட்டுப் பெண் சமைத்து, பிள்ளைகளோடு சேர்ந்து உபசரிக்கிறாள். தலைவலிக்காரனைக் கேலி செய்யாமல் சோறு போட்டு எழுப்புகிற நாடு அது.

களத்தில் மிடா

மலை இறங்கி, இடையர் குடியிருப்பைத் தாண்டி, சேயாற்றங்கரைக்கு வந்தால் காட்சி மாறிவிடுகிறது. நெல் வயல், வாளை மீன், வெண்சோறு. காலை இளவெயிலில் நெல் அடிக்கும் களங்கள். ஒவ்வொரு களத்திலும் உழவர்கள் கூத்தருக்குச் சாப்பாடும் தேறலும் கொடுக்கிறார்கள். ஆனால் இங்கே மூங்கில் குழாய் இல்லை. தசும்பு என்கிற பெரிய மண்பாத்திரத்திலிருந்து வார்க்கிறார்கள். மிடா என்று உரைகாரர் பொருள் சொல்கிறார்.

ஒரே நாடு, ஒரே பாட்டு, ஒரே விருந்தாளி. மலையில் சின்னக் கலம், வயலில் பெரிய கலம். ஏன்?

களத்தை நினைத்துப் பாருங்கள். அறுப்பு நாள். ஆள் பத்துப் பேரா, ஐம்பது பேரா என்று எண்ண முடியாது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தாகம். குழாய் குழாயாகத் திறந்துகொண்டிருந்தால் நெல் அடிப்பது எப்போது? 40 செ.மீ. விட்டமுள்ள உருண்டை மிடா ஒன்றில் சுமார் 33 லிட்டர் பிடிக்கும். மேலே சொன்ன குழாய் போல 22 குழாய்க்குச் சமம். கழுவ வேண்டியது ஒரு பாத்திரம், நிரப்ப வேண்டியது ஒரு பாத்திரம். கசடு தானாக அடியில் தங்கிவிடும், மேலே தெளிவை மொண்டு ஊற்றலாம். மண்சுவர் வழியே ஈரம் கசிந்து ஆவியாவதால் உள்ளே குளுமையும் இருக்கும். நம்ம வீட்டுப் பானைத் தண்ணீர் ரகசியம்தான்.

குறை இல்லையா? இருக்கிறது. வாயைத் திறந்துவிட்டால் 33 லிட்டர் மீதும் ஒன்றாகக் காற்று படும். காற்றுப் பட்ட மதுவில் இன்னொரு வகை பாக்டீரியா புகுந்து ஆல்கஹாலைக் காடியாக்கிவிடும். அன்றே குடித்து முடித்தால் பிழைத்தது, இல்லாவிட்டால் ஊறுகாய்க்குத்தான் ஆகும். இறுக்கி மூடவும் முடியாது. கோளத்துக்கான சூத்திரத்தில் நான்கால் வகுத்தாலும், விட்டம் ஐந்து மடங்கு என்பதால் அதே தடிமனுக்குத் தகைவு குழாயைவிட இரண்டரை மடங்கு வரும். சுட்ட மண்ணோ இழுவிசையைத் தாங்காத பொருள். தூக்கிக்கொண்டு மலை ஏறுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் களத்துக்கு இந்தக் குறைகள் ஒன்றும் குறையே இல்லை. மிடா நகர வேண்டியதில்லை. குடிப்பவர்கள்தான் அதைத் தேடி வருகிறார்கள். மாலைக்குள் காலியாகிவிடும். காடியாக அதற்கு நேரம் ஏது?

சாடி சொல்லும் செய்முறை

இந்த அரிசி மது எப்படிச் செய்யப்பட்டது என்பதற்கு நன்னனின் பக்கத்து நாட்டுப் பாட்டு ஒன்று கைகொடுக்கிறது. காஞ்சியில் ஆண்ட இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் வீட்டில் நடக்கும் காய்ச்சல் முறை படிப்படியாக வருகிறது.

குற்றாத கொழியல் அரிசியைக் களியாகத் துழாவி வேகவைக்கிறார்கள். அதை அகன்ற வாயுள்ள தட்டில் பரப்பி ஆற்றுகிறார்கள். நெல்முளையை இடித்து அதில் கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் போன பிறகு, வலுவான வாயுள்ள சாடியில் பச்சை வாசனை போகும்வரை விளைய விடுகிறார்கள். பிறகு விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள்.

பீர் செய்யும் முறையின் எலும்புக்கூடு இதுதான். ஐரோப்பாவில் பார்லியை முளைக்க வைக்கிறார்கள், நம்மவர்கள் நெல்லை முளைக்க வைத்தார்கள். முளையில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. கொதிக்கக் கொதிக்க முளையைப் போட்டால் நொதி செத்துப்போகும். அதனால்தான் ஆற்றிவிட்டுக் கலக்கிறார்கள். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் அகன்ற தட்டு அந்த வேலையைச் செய்திருக்கிறது. ஈஸ்ட் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்தும், தானியத்திலிருந்தும், முந்தின தடவை காய்ச்சிய சாடியின் சுவரிலிருந்தும் வரும். மண் சாடியின் நுண்துளைகளில் பழைய விளைச்சலின் உயிர் ஒட்டியிருக்கும். நல்ல சாடி கிடைத்தால் நல்ல சரக்கு, கெட்ட சாடியானால் எத்தனை கழுவினாலும் புளிப்பு. பாத்திரமும் ஒரு மூலப்பொருள்தான்.

அதே காலத்தில் பாண்டிய நாட்டில் யவனர் கப்பலில் கொண்டுவந்த தேறலைப் பற்றிப் புறநானூறு பேசுகிறது. கடல் கடந்து வந்த மது ஆம்போரா என்ற குறுகிய கழுத்துள்ள உயரமான மண்சாடியில் வந்தது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது அந்தச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. தூரம் போக வேண்டிய மதுவுக்குக் குறுகிய கழுத்தும் இறுக்கமான அடைப்பும் தேவை. யவன வணிகனும் நவிரமலைக் குறவனும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. இருந்தாலும் இருவரும் ஒரே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

அரண்மனை வாசல்

சரி, கூத்தரோடு நாமும் நன்னனின் வாசலுக்கு வந்துவிட்டோம். முற்றத்தில் மலைவாசிகள் கொண்டுவந்து குவித்த காணிக்கைகள். புலிக்குட்டி, கரடிக்குட்டி, யானைத் தந்தம், தேன், மாங்கனி, பலா என்று புலவர் ஒரு சந்தையையே காட்டுகிறார். வரி வாங்கும் இடம் மாதிரி இல்லை, பிள்ளைகள் தகப்பனுக்குக் கொண்டுவந்த சீதனம் மாதிரி இருக்கிறது.

கூத்தர்கள் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. நன்னன் தானே அழைத்து, மலர்ந்த முகத்தோடு பார்க்கிறான். புதிய உடை தருகிறான். கறியும் நெல்லரிசிச் சோறும் போடுகிறான். எத்தனை நாள் தங்கினாலும் முதல் நாள் காட்டிய அதே விருப்பம். விருந்துக்குப் போய்த் தங்கினவர்களுக்குத் தெரியும், முதல் நாள் முகம் நாலாம் நாள் இருப்பது எவ்வளவு அபூர்வம் என்று!

ஊருக்குப் போகிறோம் என்றதும் பரிசுகள். ஆண்களுக்குப் பொன் தாமரை, விறலியருக்கு நகைகள், தேர், யானை, பசுக்கூட்டம், குதிரை. பகைவரிடம் போரில் வென்ற பொருளைப் பாணருக்கும் கூத்தருக்கும் வாரிக் கொடுக்கிற குலம் என்று அவனுடைய முன்னோரையும் சேர்த்துப் புகழ்கிறார் புலவர். நன்னன் போர்வீரன்தான். ஆனால் அவன் வென்ற ஊர்களின் பட்டியலைப் பாட்டு பெரிதாக நீட்டவில்லை. பாட்டில் மனதில் நிற்பது அவன் நாட்டில் குடிசை தோறும் நீளும் கைகள். ஒரு கையில் மூங்கில் குழாய், இன்னொரு கையில் மிடாவிலிருந்து மொண்ட தேறல்.

இன்றைய பாட்டிலும் கெக்கும்

வெளிநாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 20 லிட்டர் எடுக்கிறார்கள். 650 மில்லி பாட்டிலில் அடைத்தால் 30 பாட்டில். முப்பதையும் கழுவி, கிருமி நீக்கி, நிரப்பி, மூடி அமுக்க வேண்டும். மூடுவதற்கு முன்பு கொஞ்சம் சர்க்கரை சேர்த்தால், மிச்சமுள்ள ஈஸ்ட் அதைத் தின்று பாட்டிலுக்குள்ளேயே வாயுவை உண்டாக்கும். சர்க்கரை கூடிப்போனால் பாட்டில் வெடிக்கும். கண்ணாடி வெளிச்சத்தை விடும். வெளிச்சம் பட்டால் பீரில் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் மாறிக் கெட்ட வாடை வரும். அதற்காகத்தான் பழுப்பு நிறக் கண்ணாடி. ஆனால் வேண்டியபோது ஒன்றைத் திறக்கலாம், நண்பனுக்கு ஒன்று அனுப்பலாம், மாதக்கணக்கில் முதிர வைக்கலாம்.

கெக் என்பது துருப்பிடிக்காத எஃகு உருளை. குளிர்பானக் கம்பெனிகள் பயன்படுத்திவந்த 19 லிட்டர் உருளையே வீட்டுக் காய்ச்சலுக்கு மிகவும் வழக்கமானது. ஒன்றைக் கழுவினால் போதும், வெளிச்சம் புகாது. வெளியிலிருந்து கரியமில வாயு சிலிண்டரை இணைத்து அழுத்தத்தை நாமே வைத்துக்கொள்ளலாம். பீர் வெளியேறும் இடத்தைக் காற்று நிரப்பாமல் கரியமில வாயுவே நிரப்புவதால் காடியாகும் பயமும் குறைவு. ஆனால் சிலிண்டர், ரெகுலேட்டர், குழாய், குளிர்பெட்டி என்று செலவு ஏறும். தோளில் போட்டுக்கொண்டு போக முடியாது.

பீர் ஏன் கெடுகிறது என்பதை 1876-இல் லூயி பாஸ்டர் தம்முடைய பீர் ஆய்வு நூலில் விளக்கினார். கெடுப்பது பாத்திரம் அல்ல, உள்ளே புகும் நுண்ணுயிர் என்று உலகுக்குக் காட்டினார். அடைத்த பாட்டிலை மிதமாகச் சூடாக்கிக் கிருமியைக் கொல்லும் முறை பரவியதால்தான் பாட்டில் பீர் தூரதேசங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. நம்ம பால் பாக்கெட்டின் மேல் பாஸ்ச்சரைஸ்டு என்று போட்டிருப்பதும் அவர் பெயரால்தான்.

இவ்வளவு விஞ்ஞானம் வந்த பிறகும் கேள்வி மாறவில்லை. எவ்வளவு தூரம் போக வேண்டும்? எத்தனை பேர் குடிப்பார்கள்? எத்தனை நாளில் தீரும்? யார் கழுவுவார்கள்? இந்த நாலுக்கும் பதில் சொன்னால் பாத்திரம் தானே முடிவாகிவிடும். எந்தப் பாத்திரம் உயர்ந்தது என்று பொதுவாகக் கேட்டால் நவிரமலைக் குறவனும் சேயாற்று உழவனும் சேர்ந்து சிரிப்பார்கள்.

கல்லில் நிற்கும் பெயர்

நன்னனுக்கு இன்று அரண்மனை இல்லை. கோட்டை இல்லை. ஆனால் நாடு அவனை மறக்கவில்லை. நூற்றாண்டுகள் கழித்துச் செங்கத்துக் கோயிலில் வெட்டப்பட்ட கல்வெட்டுப் பாடல் ஒன்று அவனுடைய மலையையும், அதைப் பாடிய பாட்டையும் நினைவு கூர்கிறது. 1889-இல் உ.வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளைத் தேடித் திரட்டி, நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்தார். அவர் அலைந்த அலைச்சலால்தான் மூங்கில் குழாயும் மிடாவும் நம் கைக்கு வந்தன.

1972-இல் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறை செங்கம் நடுகற்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டது. நன்னனுக்குப் பிந்திய காலத்தவை அந்தக் கற்கள். ஆடுமாடு மீட்கப் போய் உயிர்விட்ட சாதாரண ஊர்க்காரர்களுக்கு நட்டவை. சில கற்களில் வீரனின் காலருகே மூக்குள்ள ஒரு சின்னக் கெண்டி செதுக்கியிருக்கும். செத்தவனுக்குத் தாகம் எடுக்கும் என்று நினைத்த மனசு அது. அங்கேயும் பாத்திரம் சின்னதுதான். ஒருவனுக்குத்தானே வேண்டும்!

1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானபோது செங்கமும் பர்வதமலையும் நம் மாவட்டத்துக்குள் வந்தன. ஆக நன்னன் இப்போது நம்ம மாவட்டத்துக்காரன். மாங்காய்க்காகப் பெண்ணைக் கொன்றவன் இவன்தானே என்று யாராவது கேட்டால், இல்லை ஐயா, அவன் வேறு, இவன் வேறு என்று சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு. வழிப்போக்கனின் தாகத்துக்கு மலையில் ஒரு பாத்திரமும் வயலில் ஒரு பாத்திரமும் எடுத்து வைத்த மக்களின் தலைவன் இவன்.

தோழர்களே! நாளைக்கு நாம் தொழிற்சாலையில் டேங்க் வடிவமைப்போம், பைப் போடுவோம், பாய்லர் பார்ப்போம். எந்த மெட்டீரியல், எவ்வளவு தடிமன், எத்தனை லிட்டர் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், இதிலிருந்து யார் எடுக்கப்போகிறார்கள், எங்கே நின்று எடுக்கப்போகிறார்கள் என்று ஒரு நிமிடம் கேட்போம். அடுத்த முறை செங்கத்தில் பஸ் நின்றால், டீயைக் கையில் வைத்துக்கொண்டே வடகிழக்கே பர்வதமலை இருக்கும் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பாருங்கள். அது நன்னனின் நவிரம்.